ஒரு லேப்டாப், ரெண்டு மூணு இன்டர்நெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை லேப்டாப்பில் கேபிள் ஒன்று, வைஃபை ஒன்று, அவசரத்துக்குப் போன் ஹாட்ஸ்பாட் ஒன்று என்று வைத்திருப்பவர்கள் இப்போது நிறையப் பேர். எங்கள் டீமில் நெட் தகராறு செய்தால் முதலில் என்னிடம்தான் வருவார்கள், வருகிறவர்கள் கேட்பதும் திரும்பத் திரும்ப இதே கேள்விகள்தான். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, பதில்களை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். விண்டோஸை வைத்துத்தான் அதிகம் பேசியிருக்கிறேன், மேக்கும் லினக்ஸும் மாறுபடும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

கேபிளையும் வைஃபையையும் ஒரே நேரத்துல ஆன்ல வச்சா ஏதாவது கெட்டுப்போகுமா?

ஒன்றும் ஆகாது. லேப்டாப்புக்கு ஒவ்வொரு இணைப்பும் தனித்தனி வாசல், ஒவ்வொன்றுக்கும் தனி ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்) கிடைக்கும், இரண்டும் சேர்ந்தே இருக்க முடியும். ஆனால் எந்த வாசல் வழியாகப் போவது என்பதை லேப்டாப் தானாக முடிவு செய்யும். அந்த முடிவு நீங்கள் நினைத்ததாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது, கீழே வரும் பாதிப் பிரச்சினைகளுக்கு வேர் அதுதான்.

ரெண்டும் இருந்தா லேப்டாப் எதை எடுத்துக்கும்? வேகமா இருக்கறதையா?

எது நிஜமாகவே வேகமாக ஓடுகிறது என்று லேப்டாப் அளந்து பார்ப்பதில்லை. ஒவ்வொரு இணைப்புக்கும் ‘மெட்ரிக்’ என்று ஒரு எண் இருக்கிறது, எண் குறைவாக இருப்பது ஜெயிக்கும், அவ்வளவுதான். விண்டோஸ் அந்த எண்ணைத் தானே போட்டுக்கொள்ளும். எப்படி என்றால், லேப்டாப்புக்கும் அதற்கு அடுத்து இருக்கும் கருவிக்கும் நடுவில் உள்ள இணைப்பு எத்தனை மெகாபிட் என்று காட்டுகிறதோ அதை வைத்து. கிகாபிட் கேபிளுக்குப் பெரும்பாலும் 25 வரும், வைஃபைக்கு அதைவிடக் கூடுதலாக 30, 40, 50 என்று சிக்னலைப் பொறுத்து வரும். அதனால்தான் பொதுவாகக் கேபிள் ஜெயிக்கிறது.

ரவுட்டருக்கு அந்தப் பக்கம் இன்டர்நெட் எப்படி இருக்கிறது என்பது இந்தக் கணக்கில் வரவே வராது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் நெட்வொர்க்மேனேஜர் இருந்தால் வேகத்தைக்கூடப் பார்ப்பதில்லை, கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600, சிம் கார்டு மோடத்துக்கு 700 என்று வகையை வைத்தே எண் போட்டுவிடும். மேக்கில் எண்ணுக்குப் பதில் ஒரு வரிசைப் பட்டியல் இருக்கிறது, மேலே இருப்பதற்கு முதல் உரிமை.

அப்போ ரெண்டையும் சேர்த்தா ஸ்பீடு டபுள் ஆகுமா?

ஆகாது. சர்வரோடு ஏற்படும் ஒவ்வொரு தொடர்பும் உங்கள் ஐபி, போர்ட் எண், அவர்கள் ஐபி, போர்ட் எண் என்ற நான்கையும் வைத்துத்தான் அடையாளம் காணப்படுகிறது. இரண்டு இணைப்புக்கும் இரண்டு ஐபி இருப்பதால், ஒரே டவுன்லோடின் பாதியை இதிலும் பாதியை அதிலும் அனுப்பினால் அந்தப் பக்கம் இருக்கும் சர்வருக்கு யாரோ இரண்டு பேர் பேசுகிற மாதிரி இருக்கும்.

நிஜமாகவே சேர்க்க வேண்டுமென்றால் நடுவில் ஒரு சர்வர் வேண்டும். இரண்டு வழியாகவும் வருவதை அது வாங்கி, ஒன்றாகக் கோத்து வெளியே அனுப்பும். ஸ்பீடிஃபை போன்ற சேவைகள் செய்வது இதைத்தான். மல்டிபாத் டிசிபி என்ற நெறிமுறையும் இருக்கிறது, ஆப்பிள் 2013-இலேயே ‘சிரி’ என்ற தன் குரல் உதவியாளருக்காக அதைப் பயன்படுத்தியது, லினக்ஸ் கெர்னலில் 2020-இல் 5.6 பதிப்போடு வந்தது. ஆனால் இரண்டு முனையும் அதைப் பேசினால்தான் பலன், நீங்கள் தினமும் போகும் தளங்களில் பெரும்பாலானவை பேசுவதில்லை. என்னைக் கேட்டால் வேலை லேப்டாப்பில் வேகத்தைக் கூட்டப் பார்க்காதீர்கள், ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்குமா என்று மட்டும் பாருங்கள்.

இப்போ எது வழியா போகுதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சுலபமான வழி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் ஒரு வீடியோவை ஓட விடுங்கள். ஈதர்நெட், வைஃபை இரண்டுக்கும் தனித்தனி வரைபடம் இருக்கும், எது குதிக்கிறதோ அதுதான்.

இன்னும் சரியாகத் தெரிய வேண்டுமா? கமாண்ட் பிராம்ப்டில் ‘ரூட் பிரின்ட்’ (route print) கட்டளையைக் கொடுங்கள். நீளமாக ஒரு பட்டியல் வரும், பயப்பட வேண்டாம், 0.0.0.0 என்று தொடங்கும் வரிகளை மட்டும் பாருங்கள். ஒரு வரியில் 192.168.1.1 என்ற கேட்வேயும் (வெளியே போகும் வழியில் முதலில் நிற்கும் கருவியின் முகவரி) கடைசியில் மெட்ரிக்காக 25-ம், இன்னொரு வரியில் 172.20.10.1-ம் கடைசியில் 50-ம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாவது ரவுட்டர், இரண்டாவது ஐபோன் ஹாட்ஸ்பாட் (ஐபோன் எப்போதும் 172.20.10-இல்தான் முகவரி கொடுக்கும்). 25 குறைவு, ஆக ரவுட்டர் வழியாகப் போகிறது. இந்தக் கடைசி எண்ணைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. மேக்கில் ‘நெட்ஸ்டாட் மைனஸ் ஆர்என்’ (netstat -rn), லினக்ஸில் ‘ஐபி ரூட்’ (ip route) கட்டளைகள் இதே வேலையைச் செய்யும்.

நான் சொல்ற வரிசையில எடுத்துக்க வைக்க முடியுமா?

முடியும், கட்டாயம் செய்துவைக்க வேண்டிய ஒன்றும்கூட. கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் போய், வேண்டிய இணைப்பின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸ், அதில் இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4, மறுபடி ப்ராபர்ட்டீஸ், அட்வான்ஸ்டு. அடியில் ‘ஆட்டோமேட்டிக் மெட்ரிக்’ என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிட்டு எண்ணை நீங்களே போடுங்கள். கேபிளுக்கு 10, வைஃபைக்கு 20, போனுக்கு 60 என்று இடைவெளி விட்டுப் போட்டால் பிற்பாடு இன்னொன்று சேர்க்க வசதி. அட்மின் உரிமை கேட்கும், உங்களிடம் இல்லையென்றால் ஐடி ஆட்களிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

மேக்கில் நெட்வொர்க் அமைப்புக்குள் மூன்று புள்ளி மெனுவில் ‘செட் சர்வீஸ் ஆர்டர்’ இருக்கிறது, இழுத்து மேலே கீழே வைத்தால் போதும்.

போனை யுஎஸ்பி கேபிள்ல சொருகி வச்சேன், வைஃபையும் ஆன்லதான் இருந்துச்சு. ஆனா மொபைல் டேட்டா மொத்தமும் காலி. எப்படி?

இது அடிக்கடி நடக்கிறது, ஏன் என்று தெரியாமல் பலர் டேட்டாவைத் திருடிவிட்டார்கள் என்றே நினைக்கிறார்கள். யுஎஸ்பி டெதரிங் (போனின் டேட்டாவைக் கம்பி வழியே லேப்டாப்புக்குக் கொடுப்பது) ஆனில் இருந்தால் விண்டோஸுக்கு அது போனாகத் தெரியாது, ஈதர்நெட் கேபிளாகத்தான் தெரியும். பல ஆண்ட்ராய்டு போன்கள் அந்த இணைப்பை ஏறத்தாழ 426 மெகாபிட் என்று காட்டும். அது யுஎஸ்பி கம்பியின் வேகம், சிம் கார்டில் 15 மெகாபிட்தான் வந்தாலும் காட்டுவது 426-தான். மேலே சொன்ன கணக்குப்படி, கேபிள் வகை, நல்ல வேகம், அதனால் மெட்ரிக் குறைவு, வைஃபை தோற்றுவிட்டது.

இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, அந்த இணைப்பின் மெட்ரிக்கை முந்தைய பதிலில் உள்ளபடி 60, 70 என்று ஏற்றிவிடுங்கள். இரண்டு, அதை ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்று குறித்துவிடுங்கள், செட்டிங்ஸில் அந்த இணைப்புக்குள்ளேயே இருக்கிறது. அப்படிக் குறித்தால் விண்டோஸ் அப்டேட்டுகள் பெரும்பாலும் காத்திருக்கும், ஒன்டிரைவ் ஒத்திசைவை நிறுத்திவைக்கும். பிரவுசரும் வீடியோ மீட்டிங்கும் இதைக் கண்டுகொள்ளாது, அவை பாட்டுக்கு டேட்டாவைச் சாப்பிடும்.

வைஃபை கனெக்டட்னு காட்டுது, ஆனா நெட் வரல. ஹாட்ஸ்பாட் யுஎஸ்பில ரெடியா இருக்கு, ஏன் தானா மாற மாட்டேங்குது?

போனின் மெட்ரிக்கை முந்தைய பதிலில் சொன்னபடி ஏற்றிவைத்திருந்தால் ஜெயிப்பது வைஃபை, லேப்டாப்பின் பார்வையில் அது அறுந்துபோகவில்லை. ரவுட்டர் உயிரோடுதான் இருக்கிறது, ரவுட்டருக்கு வெளியே போகும் லைன்தான் செத்திருக்கிறது. மெட்ரிக் போட்டி இணைப்புகளுக்கு நடுவில்தான், லைன்களுக்கு நடுவில் இல்லை. விண்டோஸ் மைக்ரோசாஃப்டின் ஒரு சிறிய பக்கத்தைத் தொட்டுப் பார்த்து ‘இன்டர்நெட் இல்லை’ என்று ஐகானில் காட்டும், அதைத் தெரிந்துகொண்டு வழியையும் மாற்றிவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

கைவைத்தியம்தான்: செத்த இணைப்பை நீங்களே துண்டியுங்கள். வைஃபையை ஆஃப் செய்தால் அடுத்த நொடியே ஹாட்ஸ்பாட் ஏறிக்கொள்ளும். லைன் அடிக்கடி போகும் இடமென்றால் கடைசிக் கேள்வியைப் பாருங்கள்.

கேபிள் சொருகினதும் வைஃபை தானாவே கட் ஆகுது. லேப்டாப் ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை. ஒரே நேரத்தில் தேவைக்கு மேல் இணைப்பு வைக்காமலிருப்பதுதான் விண்டோஸின் இயல்பான பழக்கம். கேபிளில் இன்டர்நெட் வந்துவிட்டால் வைஃபையில் தானாகப் போய் இணையாது, ஏற்கெனவே இருந்தால் அதில் போக்குவரத்து குறைந்ததும் மெதுவாக விட்டுவிடும். நீங்களே கிளிக் செய்து வைஃபையில் சேர்ந்தால் பெரும்பாலும் விட்டுவைக்கும்.

கிளிக் செய்தும் உடனே அறுந்தால் வேறு இரண்டு காரணங்கள். கம்பெனி தன் லேப்டாப்புகளுக்குப் போடும் விதிகளான குரூப் பாலிசியில் ‘ஈதர்நெட் இருக்கும்போது வைஃபை கூடாது’ என்று போட்டிருக்கலாம், விண்டோஸ் 10 காலத்திலிருந்து அப்படி ஒரு தேர்வு இருக்கிறது. இல்லையென்றால் விண்டோஸுக்கு முன்பே ஓடும் லேப்டாப்பின் அடிப்படை மென்பொருளான பயாஸிலேயே கேபிள் வந்தால் வைஃபையை அணைக்கும் அமைப்பு இருக்கலாம், அலுவலகத்துக்கென்று விற்கும் மாடல்களில் இது சகஜம். முதலாவதை நீங்கள் மாற்ற முடியாது, மாற்ற முயலவும் கூடாது.

மீட்டிங் நடுவுல வைஃபையிலிருந்து ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினா கால் கட் ஆயிடுமா?

சில நொடி உறையும், பிறகு மீட்டிங் செயலிகள் பெரும்பாலும் தாமாகவே மீண்டும் ஒட்டிக்கொள்ளும். ஐபி மாறியதும் பழைய தொடர்புகள் எல்லாம் செல்லாக்காசு, புதிதாகப் பேச்சைத் தொடங்க வேண்டும். பெரிய ஃபைல் அப்லோடு நடந்துகொண்டிருந்தால் அது அறுந்து முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். வங்கித் தளங்கள் ஐபி மாறினால் வெளியே தள்ளவும் செய்யும். 2021-இல் தரநிலையான குவிக் நெறிமுறை தொடர்புக்கென்று தனி அடையாள எண் வைத்திருப்பதால் ஐபி மாறினாலும் தொடர இடம் தருகிறது, ஆனால் எல்லாத் தளமும் எல்லாச் செயலியும் அப்படி இல்லை.

வேண்டுமென்றே மாறப்போகிறீர்கள் என்றால் வரிசை முக்கியம். முதலில் இரண்டாவது இணைப்பை ஏற்றுங்கள், அது ஐபி வாங்கி நிலைக்கட்டும், அப்புறம் முதலாவதை விடுங்கள். பழையதை அணைத்துவிட்டுப் புதியதைத் தேடினால் நடுவில் ஒன்றுமே இல்லாத நேரம் வரும், கால் கட் ஆவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். கேபிளைச் சொருகுவதில் இந்த ஆபத்து கிடையாது, விண்டோஸில் ஓடிக்கொண்டிருப்பது வைஃபையிலேயே ஓடும், புதிதாகத் திறப்பது கேபிளில் போகும். கேபிளைப் பிடுங்கும்போதுதான் அறுபடும்.

ஆபீஸ் விபிஎன் போட்டிருக்கும்போது இதெல்லாம் எப்படி?

விபிஎன், அதாவது ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் போகும் பூட்டிய குழாய், இன்னொரு இணைப்பாக வந்து எல்லாவற்றுக்கும் மேலே உட்காரும். ‘ஃபுல் டனல்’ என்றால் உங்கள் எல்லாப் போக்குவரத்தும் அதற்குள் போகும், அடியில் கேபிள் இருக்கிறதா ஹாட்ஸ்பாட் இருக்கிறதா என்பது விபிஎன்னைச் சுமப்பது யார் என்பதை மட்டும் தீர்மானிக்கும். ‘ஸ்ப்ளிட் டனல்’ என்றால் ஆபீஸ் சர்வர்களுக்குப் போவது மட்டும் விபிஎன்னில், மற்றது நேரடியாக.

அடியில் இருக்கும் இணைப்பு மாறினால் பல விபிஎன்கள் விழுந்துவிடும். வயர்கார்ட் என்ற வகை விழாது, ஐபி மாறினால் சமாளிக்கும். ஐகேஇவி2 வகையிலும் மோபைக் என்ற வசதி 2006-இலிருந்து இதற்கென்றே இருக்கிறது, இரண்டு பக்கமும் அதை இயக்கியிருந்தால் தாங்கும். உங்களுடையது எந்த வகை என்று ஐடியிடம் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விழுகிற வகை என்றால், முதலில் எந்த இணைப்பு என்று முடிவு செய்து அதில் நின்றுகொண்டு, பிறகு விபிஎன்னைப் போடுங்கள்.

ஆபீஸ் கேபிள்ல உள் சர்வர் மட்டும்தான் வருது, நெட் கிடையாது. வைஃபைல நெட் இருக்கு. ரெண்டும் ஒரே நேரத்துல வேணும், ஆனா ஒண்ணு வேலை செஞ்சா இன்னொண்ணு படுத்துடுது.

கேபிளுக்கும் ஒரு கேட்வே இருப்பதால் வரும் சிக்கல் இது. மெட்ரிக் போட்டியில் கேபிள் ஜெயித்து, இன்டர்நெட் போக்குவரத்தையும் வாங்கி, போக வழியில்லாமல் கிடக்கிறது. உள் சர்வர் கேபிளின் அதே நெட்வொர்க்கிலேயே இருந்தால் தீர்வு மிக எளிது: கேபிளுக்கு ஐபியைக் கையால் போட்டு கேட்வே இடத்தைக் காலியாக விடுங்கள். எந்த ஐபி என்பதை நெட்வொர்க் பார்ப்பவரிடம் கேட்டு வாங்குங்கள், நீங்களாக ஒன்றைப் போட்டால் இன்னொருவரோடு மோதும். பக்கத்தில் இருப்பதற்குக் கேட்வே தேவையில்லை, வெளியே போவது வைஃபையில் போய்விடும்.

சர்வர் வேறு நெட்வொர்க்கில், ஒரு ரவுட்டரைத் தாண்டி இருந்தால் ஸ்டாட்டிக் ரூட், அதாவது நாமே கையால் எழுதும் நிலையான வழி, போட வேண்டும். உதாரணமாக 10.20.0.0 வரிசை முழுக்கக் கேபிள் கேட்வே வழியாக என்று ‘ரூட் ஆட்’ (route add) கட்டளையில் சொல்லலாம், மைனஸ் பி (-p) சேர்த்தால் ரீஸ்டார்ட் செய்தாலும் நிற்கும். அப்படியும் சர்வர் எண்ணில் திறந்து பெயரில் திறக்கவில்லை என்றால் சிக்கல் டிஎன்எஸ்ஸில், அதாவது பெயரை ஐபியாக மாற்றித் தரும் சேவையில் இருக்கிறது. உள் சர்வரின் பெயர் ஆபீஸ் டிஎன்எஸ்ஸுக்கு மட்டும்தான் தெரியும், கேள்வி வைஃபை பக்கத்து டிஎன்எஸ்ஸுக்குப் போனால் ‘அப்படி ஒன்று இல்லை’ என்று பதில் வரும். ஒன்றிரண்டு சர்வர்தான் என்றால் லேப்டாப்பின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் பெயரையும் ஐபியையும் எழுதி வைப்பது போதும்.

ரெண்டு ரவுட்டருமே 192.168.1.1. அதனாலதான் குழப்பமா?

ஆமாம், இதைக் கண்டுபிடித்ததற்கே பாராட்ட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே முகவரி வரிசை இருந்தால், 192.168.1.50-இல் இருக்கும் பிரிண்டர் எந்தப் பக்கத்துப் பிரிண்டர் என்று லேப்டாப்புக்குத் தெரிய வழியே இல்லை. மெட்ரிக் எதை மாற்றினாலும் பாதிதான் வேலை செய்யும். உங்கள் கையில் இருக்கும் ரவுட்டரின் வரிசையை 192.168.77 மாதிரி எதற்காவது மாற்றிவிடுங்கள். விபிஎன்னில் ஆபீஸ் பிரிண்டர் தெரியவில்லை, ஷேர் திறக்கவில்லை என்பதற்கும் பல நேரம் இதுவே காரணம்.

மெட்ரிக் எல்லாம் மாத்திட்டேன், ஆனா சில சைட் மட்டும் இன்னும் போன் வழியாத்தான் போகுது.

ஐபி முகவரியில் பழைய வெர்ஷன் 4, புதிய வெர்ஷன் 6 (ஐபிவி6) என்று இரண்டு வகை உண்டு, அந்த ஐபிவி6-ஐப் பாருங்கள். நீங்கள் மாற்றியது வெர்ஷன் 4-இன் மெட்ரிக். வெர்ஷன் 6-க்குத் தனி மெட்ரிக், தனி வழிப்பட்டியல். மொபைல் நெட்வொர்க்குகள் பலவற்றில் ஐபிவி6 உண்டு, உங்கள் ரவுட்டரில் இல்லை என்றால், ஐபிவி6 பேசும் தளங்களுக்கு லேப்டாப்புக்குத் தெரிந்த ஒரே ஐபிவி6 வழி போன்தான். ஐபிவி6 இருந்தால் பொதுவாக அதைத்தான் முதலில் எடுக்கும், உங்கள் 10, 20, 60 அங்கே பேசவே பேசாது.

வெர்ஷன் 6-இலும் அதே இடத்தில் மெட்ரிக் மாற்றலாம், ஆனால் ரவுட்டரில் ஐபிவி6 இல்லாதபோது அதனால் பயனில்லை. அப்போது போன் இணைப்பில் மட்டும் வெர்ஷன் 6-இன் டிக்கை எடுத்துவிடுங்கள். லேப்டாப் முழுக்க ஐபிவி6-ஐ அணைக்காதீர்கள்.

ஒரு ஆப் மட்டும் ஹாட்ஸ்பாட்ல, மத்ததெல்லாம் கேபிள்ல, இப்படிப் பிரிக்க முடியுமா?

விண்டோஸில் அதற்கென்று நேரடிப் பட்டன் இல்லை. வழி என்பது போகும் முகவரியை வைத்துத் தீர்மானிக்கப்படுகிறது, எந்த ஆப் கேட்கிறது என்பதை வைத்து இல்லை. அந்த ஆப் ஒரே ஒரு சர்வரோடு பேசுவது என்றால் மேலே சொன்ன ஸ்டாட்டிக் ரூட் போதும். கிளவுட் சேவை என்றால் அதன் ஐபிக்கள் மாறிக்கொண்டே இருக்கும், துரத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நான் நம்பிப் பரிந்துரைப்பது விர்ச்சுவல் மெஷின், அதாவது லேப்டாப்புக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர். போன் இணைப்பை அதற்கு மட்டும் கொடுத்துவிட்டு, அந்த ஆப்பை அதற்குள் ஓட்டுங்கள். லினக்ஸ்காரர்களுக்கு நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் இருக்கிறது, இன்னும் லேசான வேலை.

ரெண்டையும் செலக்ட் பண்ணா ‘பிரிட்ஜ் கனெக்‌ஷன்ஸ்’னு வருதே, அது ரெண்டையும் சேர்க்கறதுதானே?

தொடாதீர்கள். அது இரண்டு நெட்வொர்க்குகளையே ஒட்டவைத்து லேப்டாப்பை ஒரு சுவிட்ச் ஆக்கிவிடும். ஆபீஸ் கேபிளும் வெளி நெட்வொர்க்கும் ஒன்றாகிவிட்டால், அந்தப் பக்கத்து ரவுட்டர் ஆபீஸில் இருப்பவர்களுக்கும் ஐபி கொடுக்கத் தொடங்கலாம், ஆபீஸின் ஒரு மாடியே இன்டர்நெட் இல்லாமல் நிற்கும். நல்ல நிர்வாகம் உள்ள ஆபீஸ் சுவிட்சுகள் இதைக் கண்டதும் உங்கள் போர்ட்டையே மூடிவிடும்.

கம்பெனி லேப்டாப்ல என் சொந்த ஹாட்ஸ்பாட் போடலாமா, ஐடி திட்டுவாங்களா?

வெளியிலிருந்து வேலை செய்யும்போது, ஹாட்ஸ்பாட் மட்டும் போட்டு அதன் மேல் விபிஎன் போட்டால் பெரும்பாலான இடங்களில் ஆட்சேபம் இருக்காது. பொது வைஃபையைவிட அது நல்லதும்கூட. ஆபீஸ் கேபிளில் இருந்துகொண்டே பக்கத்தில் ஹாட்ஸ்பாட்டும் போடுவதுதான் வேறு விஷயம். ஆபீஸின் ஃபயர்வால் காவல் காக்கும் ஒரே வாசலுக்குப் பின்னால் நீங்கள் இன்னொரு வாசலைத் திறந்துவைத்த மாதிரி, உங்கள் லேப்டாப்பில் வைரஸ் நுழைந்தால் அது நேராக உள் நெட்வொர்க்கில் நிற்கும். ஐடி ஆட்கள் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு, தடுத்திருந்தால் சுற்றுவழி தேடாதீர்கள், தேவையைச் சொல்லிக் கேளுங்கள். ஹாட்ஸ்பாட்டை நெட்வொர்க் வகையில் ‘பப்ளிக்’ என்றே வையுங்கள், பாஸ்வேர்டு இல்லாமல் ஒருபோதும் விடாதீர்கள்.

இவ்வளவும் லேப்டாப்ல பண்ணாம வேற வழியே இல்லையா?

இருக்கிறது, இடம் உங்களுடையது என்றால் அதுதான் சிறந்தது. இரண்டு வான் (WAN) போர்ட், அதாவது வெளி லைனைச் சொருகும் இடம், உள்ள ரவுட்டர் ஒன்று வாங்கி, இரண்டு லைனையும் அதில் கொடுத்துவிடுங்கள். அது வெளியே இருக்கும் ஒரு முகவரியை விடாமல் பிங் செய்து பார்த்துக்கொண்டே இருக்கும், பதில் நின்றால் இரண்டாவது லைனுக்கு மாற்றிவிடும். லேப்டாப்பால் செய்ய முடியாதது சரியாக இதைத்தான். லேப்டாப்புக்கு ஒரே வைஃபை, ஒரே கேட்வே, மெட்ரிக் விவகாரமே இல்லை. சில மாடல்களில் இரண்டாவது லைனாக யுஎஸ்பி வழியே போனையும் செருகலாம். வெளி ஐபி மாறும் என்பதால் மீட்டிங் சில நொடி உறைவது மட்டும் அப்போதும் இருக்கும்.

வாங்கும்போது ‘ஃபெயில்ஓவர்’ இருக்கிறதா, பிங் செய்யும் முகவரியை நாமே கொடுக்க முடிகிறதா என்று பாருங்கள், போர்ட்டில் கேபிள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிற மாடலும் உண்டு, அது உதவாது. சோதிக்கும்போதும் ரவுட்டரிலிருந்து கேபிளைப் பிடுங்கிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். முதல் லைனின் மோடத்துக்கு வெளியிலிருந்து வரும் ஃபைபரைக் கழற்றிப் பாருங்கள், நிஜத்தில் லைன் போவது அங்கேதான். இன்னொன்று, இரண்டு கம்பெனியின் லைனும் ஒரே கம்பத்தில், ஒரே குழாயில் வந்தால் ஒரே வெட்டில் இரண்டும் போகும். அப்படி இருந்தால் இரண்டாவதை மொபைல் சிம்மாக வைத்துக்கொள்ளுங்கள்.